மின்கிற்றாரும் வீட்டு ஒலிபெருக்கியும்



வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்குக் கூடு உண்டு. நரம்பின் சிறிய அதிர்வை அக்குடமும் கூடும் வாங்கிப் பெருக்கி நம் செவிக்கு ஊட்டுகின்றன. மின்கிற்றார் இவற்றினின்றும் வேறுபட்டது. அதற்கு உடல் உண்டு, குரல் இல்லை. திண்ணிய மரப்பலகையிற் பூட்டிய அதன் உருக்குக் கம்பிகளை மீட்டினால், அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கும் அரைகுறையாகவே கேட்கும். அதன் குரல் வேறொரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கிற்றாரை ஒரு வடத்தினால் அப்பெட்டியுடன் இணைத்த பின்னரே அது வாய் திறக்கும். ஆகவே மின்கிற்றாரின் வரலாற்றில் பாதி, அந்தப் பெட்டியின் வரலாறே ஆகும்.

பெட்டிக்குள் இரண்டு உறுப்புகள் உள்ளன. கம்பியின் அதிர்விலிருந்து பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்குவது ஒன்று. பெருகிய மின்னை மீண்டும் ஒலியாக்கும் கடதாசிக் கூம்பு மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாமோ இரண்டையுமே ஒலிபெருக்கி என்று சொல்லிப் பழகிவிட்டோம். இப்பழக்கம் இன்றைய பேச்சுக்கு வசதியாகவே இருக்கிறது. ஏனெனில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைந்ததும், கடைக்காரர் ‘கொம்போ’ என்று அழைப்பதுமாகிய சாதனத்தைப் பற்றியே இங்கு பேச வந்துள்ளேன்.

பிள்ளைக்கு ஒரு மின்கிற்றார் வாங்கிக் கொடுத்த பெற்றோர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘எத்தனை வாற்றுப் பெட்டி வாங்கலாம்?’ என்பதே. பாடசாலை அதிபர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கேட்பது நம்மவர் வழக்கம் அல்லவா? ஒரு தந்தையார் ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்து, “சேர், நூறு வாற்றுப் பெட்டி ஒண்டு பாதி விலைக்கு வருகுது, வாங்கி விடட்டோ?” என்றார். வீட்டில் எத்தனை அறைகள் என்று கேட்டேன். இரண்டு என்றார். மதிலுக்கு அப்பால் அயல்வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மதிலோடு ஒட்டியே இருக்கிறது என்றார். அவர் பணத்தைக் காப்பாற்றிய பெருமை எனக்கு உரியதன்று. அன்று அவர் கையில் முழுத் தொகையும் இருக்கவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. வாற்றுக் கணக்கு என்பது மண்டபத்திற் பிறந்த கணக்கு. இந்தப் பெட்டியோ வீட்டிலே வளர்ந்த பெட்டி. இவ்விரண்டும் எங்கே கலந்தன என்று அறிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் முக்காற்பங்கு தீர்ந்துவிடும்.

1915 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாடும் பெருங் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே ஹவாய்த் தீவினர் வாசித்த கிற்றாரைக் கேட்டு மக்கள் மயங்கினர். மடிமீது கிடத்தி, உருக்குத் துண்டொன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் அக்கருவியின் மோகம் அடுத்த இருபது ஆண்டுகள் அந்நாடு முழுவதும் பரவிற்று. ஆனால் அதன் ஒலி மெலிந்தது. எக்காளமும் முரசும் முழங்கும் வாத்தியக் குழுவில் அது கேட்கவே இல்லை. இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் ஒருவர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவரும் அடொல்ப் றிக்கென்பேக்கரும் சேர்ந்து, காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு நரம்பின் அதிர்வை மின்னாக மாற்றும் கிற்றாரை உருவாக்கி, 1932 இல் விற்பனைக்கு விட்டனர். வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உடைய அதற்குப் ‘பொரிக்கும் சட்டி’ என்று நகைச்சுவையாகப் பெயரிட்டனர் மக்கள். அதற்கான காப்புரிமை 1937 இல் தான் கிடைத்தது. அச்சட்டியோடு ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியும் விற்கப்பட்டே ஆகவேண்டியிருந்தது. இவ்வாறு இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்தன.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது, அப்பெட்டியை வாங்கியவர் யார் என்பதாகும். மேடைக் கலைஞர் சிலர் வாங்கினர் என்பது உண்மையே. எனினும் பெருந்தொகையானோர் வீட்டிலிருந்து கற்கும் மாணவர்களே. கிளீவ்லாந்து நகரிலிருந்த ஓவாஹு என்னும் நிறுவனம் போன்றவை ஹவாய்க் கிற்றார்ப் பாடங்களை அச்சிட்டு விற்றன. பாடத்தோடு கிற்றாரையும், கிற்றாரோடு சிறியதோர் ஒலிபெருக்கியையும் விற்றன. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்திலே, தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை முன்னறையில் அமர்ந்து வாசிப்பதற்கென்றே இச்சிறு பெட்டிகள் செய்யப்பட்டன. மலிவும் சிறுமையும் அவற்றின் குறைகளல்ல. அவற்றின் நோக்கமே அவைதாம்.

பழம்பெரும் கிப்சன் நிறுவனமும் இவ்வழியைப் பின்பற்றியது. 1936 இல் அது வெளியிட்ட ‘ஈ.எஸ். 150’ என்னும் கிற்றாரின் பெயரில் உள்ள எண், விலையைக் குறிப்பது. கிற்றாரும் ஒலிபெருக்கியும் வடமும் சேர்ந்து ஏறத்தாழ 150 டொலர். இக்கிற்றாரைக் கையில் எடுத்த சார்ளி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர் 1939 இல் பெனி குட்மனின் ஜாஸ் குழுவிற் சேர்ந்து, பின்னணித் தாளமாய் இருந்த கிற்றாரைத் தனித்துப் பாடும் கருவியாக உயர்த்தினார். 1942 இல், 25 வயதிலேயே அவர் மறைந்தார். அவர் பயன்படுத்திய ஒலிபெருக்கி, இன்று வீட்டுப் பெட்டி என்று சொல்லி விற்கப்படும் பலவற்றிலும் வலு மிகுந்ததன்று.

அடுத்துக் கலிபோர்ணியாவின் புல்லர்டன் என்னும் சிற்றூருக்குச் செல்வோம். அங்கே 1938 இல் லியோ ஃபெண்டர் என்பவர் வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் அவர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. வாசிப்பவர் வந்து முறையிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, அதற்கேற்பத் திருத்தி அமைத்ததே அவருடைய வெற்றியின் இரகசியம். 1946 இல் அவர் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். 1948 இல் ‘சாம்பியன் 800’ என்றும், அடுத்த ஆண்டில் ‘சாம்பியன் 600’ என்றும் மாணவருக்கான சிறு ஒலிபெருக்கிகள் இரண்டை வெளியிட்டார். முன்னையதன் கூம்பு 8 அங்குலம். பின்னையது 6 அங்குலம். 1950களின் நடுப்பகுதியில் ‘சாம்ப்’ என்று பெயர் சுருங்கிய அப்பெட்டி 1980களின் தொடக்கம்வரை பல கோலங்களில் விற்பனையாயிற்று.

அதன் உட்புறத்தைச் சற்றே திறந்து பார்ப்போம். மூன்று கண்ணாடி வால்வுகள். சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றுவது ஒன்று. கிற்றாரின் மெல்லிய குறியை முதலிற் பெருக்குவது ஒன்று. கூம்பை அசைப்பதற்கு வேண்டிய வலுவைத் தருவது ஒன்று. வலு ஏறத்தாழ 5 வாற்று மட்டுமே. தொடக்ககாலப் பெட்டியில் வெளியே தெரிவது ஒரேயொரு குமிழ். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. அக்காலத்து வீட்டு வானொலிப் பெட்டியின் சுற்றுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வானொலி திருத்தும் எந்தத் தொழிலாளியும் இதனைத் திருத்திவிடக் கூடியவராய் இருந்தார். எளிமை என்பதன் பயன் இதுவே.

இனி மண்டபத்துக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் நடன மண்டபங்களில் இளைஞர் கூட்டம் பெருகிற்று. இங்கிலாந்தின் டார்ட்போர்ட் நகரில் டொம் ஜெனிங்சின் நிறுவனத்துக்காக டிக் டென்னி என்பார் 1958 இல் 15 வாற்று வலுவுள்ள வொக்ஸ் ஒலிபெருக்கியை அமைத்தார். அது போதாதென்று ஓரிரு ஆண்டுகளில் 30 வாற்று வந்தது. இலண்டனின் மேற்கே ஹன்வெல் பகுதியில் முரசுக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், தம் கடைக்கு வரும் கிற்றார்க்காரரின் வேண்டுகோளுக்கிணங்க, 1962 இல் ஃபெண்டரின் சுற்றொன்றைத் தழுவி ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். 1960களின் நடுப்பகுதியில் மார்ஷலும் வொக்ஸும் 100 வாற்றுக்கு ஏறிவிட்டன. 1965 ஆகஸ்ட் 15 ஆந் தேதி நியூயோர்க்கின் ஷேய் விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையில் 100 வாற்று வொக்ஸ் பெட்டிகளுடன் நின்றனர். நின்றும் என்ன? இரசிகரின் கூச்சலில் இசை அமிழ்ந்து போயிற்று.

இவ்வளவு வலு அக்காலத்தில் ஏன் வேண்டியிருந்தது? மண்டபத்து ஒலிபரப்புச் சாதனங்கள் பாடகரின் குரலை மாத்திரமே சுமந்தன. கிற்றார்க்காரர் தம் பெட்டியைக் கொண்டே கடைசி வரிசைவரை எட்டவேண்டியிருந்தது. பின்னாளில் பெட்டிக்கு முன்னே ஒலிவாங்கியை வைத்து, மண்டபத்துச் சாதனம் வழியாக ஒலியை அனுப்பும் முறை நிலைபெற்றபோது, அந்தத் தேவை மேடையிலேயே பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. தேவை ஒழிந்தாலும் எண்ணின் மயக்கம் ஒழியவில்லை. வாற்று மிகுந்தால் உயர்ந்தது என்ற எண்ணம், மண்டபம் ஒன்றையும் கண்டிராத பிள்ளைகளின் படுக்கையறைவரை வந்து சேர்ந்தது.

அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்று சற்றே கணக்குப் பார்ப்போம். வலுவை இரட்டித்தால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு அது ‘சற்றே கூடிற்று’ என்னும் அளவுதான். ஒலி இருமடங்காயிற்று என்று நம் செவி உணர்வதற்கு வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 50 வாற்றுப் பெட்டி, 5 வாற்றுப் பெட்டியைவிடப் பத்து மடங்கு உரத்ததன்று; அதே கூம்பு பொருத்தியிருப்பின் இருமடங்கு உரத்தது, அவ்வளவே. கூம்பின் திறனும் இதில் உண்டு. கிற்றாருக்கான நல்ல கூம்பொன்று 1 வாற்றைப் பெற்றால், 1 மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 95 டெசிபெல் ஒலியைத் தரவல்லது. சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவினது. தொழிலிடங்களில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்லே எல்லை என்றும், மட்டம் 3 டெசிபெல் உயரும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. அக்கணக்கின்படி 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடமே இடம் உண்டு. வாங்கவிருக்கும் பெட்டியின் முன்னே ஒரு மீற்றர் தொலைவில் நாள்தோறும் அமரப் போகிறவர் பதினான்கு வயதுப் பிள்ளை என்பதை மறந்துவிடல் ஆகாது. கெட்ட செவியை மீட்டுக் கொடுக்கும் மருந்து எதுவும் இல்லை.

சிறிய பெட்டி சிறிய ஒலியைத்தான் தரும், சிறந்த ஒலியைத் தராது என்று சிலர் கூறுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1964 இல் இலண்டனில் கிங்க்ஸ் குழுவினரின் டேவ் டேவிஸ், எல்பிக்கோ என்னும் மலிவான சிறு பெட்டியின் கூம்பைச் சவர அலகினாற் கீறிவிட்டார். கிழிந்த கடதாசியின் கரகரப்பை வொக்ஸ் பெட்டி ஒன்றின் வழியாகப் பெருக்கி வாசித்தார். அவருக்கு அப்போது வயது 17. அவ்வாறு பதிவான ‘யூ றியலி கொட் மீ’ இங்கிலாந்தில் முதலிடத்தைப் பெற்றது. (இளைஞர் எவரும் இதைக் கேட்டுவிட்டுத் தந்தையார் வாங்கித் தந்த பெட்டியின்மேல் அலகு வைக்கவேண்டா.) 1970 இல் எரிக் கிளப்டன் மியாமி நகரிலே ‘லைலா’ இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அவர் பயன்படுத்தியது, முன்னே சொன்ன 5 வாற்றுச் ‘சாம்ப்’ பெட்டியே. மாணவருக்கென்று செய்த பெட்டி, உலகம் வியந்த இசைத்தட்டில் ஒலித்தது.

இதன் காரணம் வால்வின் இயல்பில் உள்ளது. ஒரு வால்வு தன் எல்லைவரை உழைக்கும்போது, மின்னலையின் முகட்டை உயர்த்த இயலாது மெல்ல மழுக்கிவிடுகிறது. அம்மழுக்கலினால் மூல ஒலியோடு புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. கிற்றாரின் குரல் தடித்து, நீண்டு, அழுவது போலாகிறது. பொறியியலாளர் பிழை என்று கருதியதை வாசிப்பவர் அழகு என்று கொண்டனர். 100 வாற்றுப் பெட்டியை அந்நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஊரையே எழுப்பவேண்டும். 5 வாற்றுப் பெட்டி விரைவிலே அங்கு வந்துவிடும். பதிவுக் கூடத்தில் அது போதும். ஆனால் வீட்டில்? மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், 5 வாற்றும் அதன் எல்லையில் 100 டெசிபெல்லைத் தாண்டிவிடும். ஆகவே மலிவான சிறு வால்வுப் பெட்டி வீட்டுக்கு ஏற்றது என்று சிலர் சொல்வதை நான் முழுவதும் ஏற்பதில்லை. அதன் அழகு வெளிப்படும் அளவுக்கு அதனைத் திருகினால், அயல்வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க இயலாது.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். 1933 இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சர், முன்சன் ஆகிய இருவர், மனிதச் செவியானது மெல்லிய ஒலியிலே தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே உணர்கிறது என்று அளந்து காட்டினர். கடையில் உரத்து வாசித்தபோது நிறைந்து ஒலித்த பெட்டி, வீட்டில் மெல்ல வாசித்ததும் வெறுமையாக ஒலிப்பதன் காரணம் இதுவே. பெட்டியில் குறை இல்லை. செவியின் இயல்பு அது. மலிவான பெட்டியிலும் தாழ்சுரத்துக்கும் உயர்சுரத்துக்கும் தனிக் குமிழ்கள் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

வால்வின் இடத்தைத் திரான்சிற்றர் எவ்வாறு பிடித்தது என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். அதே பெல் ஆய்வுகூடத்தில் 1947 இல் திரான்சிற்றர் பிறந்தது. 1966 இல் ஃபெண்டர் நிறுவனம் திரான்சிற்றர் ஒலிபெருக்கிகளை வெளியிட்டபோது வரவேற்பு இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அவை கைவிடப்பட்டன. எல்லையைத் தாண்டும்போது திரான்சிற்றர் மின்னலையை மழுக்குவதில்லை, வெட்டுகிறது; செவிக்கு அது கூர்மையாக உறுத்துகிறது. எனினும் அது சூடாவது குறைவு; பாரம் குறைவு; விலையும் குறைவு. உரக்க முழக்கத் தேவையில்லாத வீட்டு வாசிப்புக்கு இது பெரிய பேறு. 1970களின் தொடக்கத்தில் பிக்நோஸ் என்னும் பெட்டி வந்தது. பன்றியின் மூக்குப் போன்ற குமிழ் ஒன்று, 5 அங்குலக் கூம்பு ஒன்று, ஆறு சிறு பற்றறிகள், இவ்வளவே அது. மரத்தடியிலும் இருந்து மின்கிற்றார் வாசிக்கலாம் என்று அது காட்டிற்று.

1996 இல் அமெரிக்காவின் லைன் சிக்ஸ் என்னும் நிறுவனம், பழைய வால்வுப் பெட்டிகளின் நடத்தையைக் கணினிக் கணக்காக மாற்றி ஒரே பெட்டிக்குள் அடக்கியது. எல்லையில் உழைக்கும் வால்வின் அழுகுரலை, குசுகுசுப்பாகப் பேசும் அளவிலேயே கேட்கலாம் என்றாயிற்று. அறுபது ஆண்டுக் காலச் சிக்கல் ஒன்று இவ்வாறு அவிழ்ந்தது. பின்னர் 2011 இல் யமாஹா நிறுவனம் ‘ரி.எச்.ஆர்.’ என்னும் பெட்டிகளைக் கொணர்ந்தது. மேடைக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று, வீட்டுக்கென மூன்றாவது ஒன்று என்பதே அதன் கருத்து. 10 வாற்று, உள்ளங்கை அளவான இரு கூம்புகள், பற்றறியிலும் இயங்கும். அதைப் புதுமை என்று பலர் போற்றினர். முன்னறையில் வாசிக்கும் பிள்ளைக்கென 1930களிற் செய்த பெட்டியின் வரலாறு அறிந்தவர் அதைப் புதுமை என்னார். வீடு திரும்புதல் என்பர்.

இனி, வாங்க நிற்பவருக்கு என் கருத்தைச் சொல்கிறேன். விலை நாளுக்கு நாள் மாறுவதால் தொகை எதையும் கூறேன். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு கிற்றாருக்குச் செல்வதே முறை. சுருதி நில்லாத கிற்றாரை எந்தப் பெட்டியும் திருத்தாது. ஒலிபெருக்கிக்கு 10 முதல் 20 வாற்று வரையிலான திரான்சிற்றர்ப் பெட்டி, அல்லது முன்னே சொன்ன கணினிமுறைப் பெட்டி போதியது. வாற்றைவிடக் கூம்பின் அளவைக் கவனியுங்கள். 8 அங்குலக் கூம்பும் அதற்கேற்ற மரப்பெட்டியும் உள்ளதற்கும், 5 அங்குலக் கூம்பைச் சின்னஞ்சிறு பெட்டியில் அடைத்ததற்கும் விலை வேறுபாடு சிறிது. தாழ்சுரத்தின் வேறுபாடு பெரிது. ஹெட்போன் செருகும் துளை இருத்தல் இன்றியமையாதது. இரவு பத்து மணிக்கு வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது அத்துளையினால்தான். கைத்தொலைபேசியிலிருந்து பாடலைச் செலுத்தி, அதனோடு சேர்ந்து வாசிக்கும் வசதியும் இருந்தால் மிக நன்று. ஆசிரியர் இல்லாத நாட்களில் அதுவே ஆசிரியர். சில பெட்டிகளில் வலுவை அரை வாற்றுக்குக் குறைக்கும் ஆளி உண்டு. பொஸ் நிறுவனத்தின் 50 வாற்றுக் ‘கட்டானா’ அத்தகையது. பிள்ளை பின்னர் மேடை ஏறும் என்ற நம்பிக்கையும், வாங்கும் வசதியும் உள்ளவர்கள் அத்தகைய பெட்டியைத் தேர்வது தவறாகாது.

நூறு குரல்களும் எண்ணற்ற அலங்காரங்களும் உண்டு என்று கூறி விற்கப்படும் பெட்டிகளைப் பற்றி எனக்குச் சற்றே ஐயம் உண்டு. அவை கெட்டவையல்ல. ஆனால் ஒரு மணி நேரப் பயிற்சியில் நாற்பது நிமிடம் குமிழ் திருகுவதிலேயே கழிந்துவிடும். ஒரே குமிழோடு பிறந்த பெட்டியில் கற்றவர்கள் விரலினாலேயே குரலை மாற்றக் கற்றார்கள். கணினிமுறைப் பெட்டி வாங்கினாலும் முதல் மூன்று மாதம் அலங்காரமற்ற தெளிந்த குரல் ஒன்றையே வைத்துக்கொள்ளும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிழை மறையாமல் கேட்கும்.

நம் நாட்டில் மின்கிற்றார் புதியதன்று. 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவை அமைத்த கிளாரன்ஸ் விஜயவர்தன சிங்கள மெல்லிசையில் அதனை முன்னணிக்குக் கொணர்ந்தார். அடுத்த பத்தாண்டில் நம் தமிழ்ப் பொப் பாடல்களிலும் அது துள்ளி ஒலித்தது. ஆனால் இங்கு விற்பனைக்கு வரும் பழைய பெட்டிகளிற் பல பிற நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று. ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. ஜப்பானியப் பெட்டியை நேரே நம் சுவரிற் செருகினால் ஒரு கணத்தில் எரிந்துவிடும். மலிவாக வரும் பழைய சாமான்களின் பின்புறத்தில் உள்ள எண்ணைப் படியாமல் பணம் கொடாதீர்கள். நிலைமாற்றி, அதாவது ட்ரான்ஸ்போமர், தனியே வாங்கவேண்டி நேர்ந்தால் அதன் விலையையும் கூட்டிப் பார்த்தே மலிவா என்று முடிவு செய்யவேண்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் கண்டிருக்கிறோம். பற்றறியிலும் இயங்கும் பெட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

புவித்தொடுப்பு, அதாவது எர்த், இதனினும் முக்கியமானது. கிற்றார் வாசிப்பவரின் கை உலோகக் கம்பிகளின்மீதே இருக்கிறது. அக்கம்பிகள் வடத்தின் வழியாகப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு தொடர்புடையன. 1972 மே மாதத்தில் வேல்சு நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர், மேடையில் புவித்தொடுப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்ட அக்கணமே மின் தாக்கி இறந்தார். 1950, 60 ஆம் ஆண்டுகளின் அமெரிக்கப் பெட்டிகள் பல இரு ஊசிச் செருகியோடு, புவித்தொடுப்பின்றியே வந்தவை. பழம்பொருள் மோகத்தில் அத்தகைய பெட்டி ஒன்று கைக்கு வந்தால், தேர்ந்த திருத்துநரைக் கொண்டு மூன்று ஊசி வயர் இட்ட பின்னரே பிள்ளையிடம் கொடுக்கவேண்டும். வால்வுப் பெட்டியை வீட்டில் எவரும் திறத்தல் ஆகாது. உள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் அது சில வேளை தங்கியிருக்கும்.

கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் அதன் கிற்றாரையும் கூட்டிச் செல்லுங்கள். கடைக்காரர் தம் உயர்ந்த கிற்றாரில் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு மயங்கவேண்டா. வீட்டில் வாசிக்கும் அளவுக்கே ஒலியைக் குறைத்து வைத்து, பிள்ளைக்குத் தெரிந்த ஒரே பாடத்தை இரண்டு மூன்று பெட்டிகளில் வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் வாசிப்பை நிறுத்தி, பெட்டியின் இரைச்சலை மட்டும் கேளுங்கள். குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே தூசியோ தேய்வோ உண்டு. வடத்தைச் செருகிய இடத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அப்பெட்டி வேண்டா. வீட்டுக்கு வந்ததும் அதனைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியின்மேல், பிள்ளையின் காது மட்டத்துக்கு நேராக, மதிலை ஒட்டிய சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். தரையில் வைத்த பெட்டி வாசிப்பவரின் முழங்காலுக்கே பாடும். காதுக்கு எட்டவில்லை என்று பிள்ளை குமிழை மேலும் திருகும்.